வேலிப் பொட்டும் மாதாவின் முடியும்

போன புதன்கிழமை பத்து மணிபோல ஒரு பிள்ளை கேற்றடியில் நின்று "அம்மாச்சி" என்று கூப்பிட்டாள். றோட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாகத் தொடங்கியிருக்கிற செபக்கூடத்துப் பிள்ளை. தாய் தகப்பன் மலையகத்திலிருந்து வந்து இந்தப் பக்கம் குடியேறியவர்கள். பேச்சிலேயே தெரியும். அந்த வெயிலில் குடையும் இல்லாமல் வீடு வீடாகப் போகிறாளே என்று இரக்கப்பட்டு, உள்ளே இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன்.

குடித்து முடித்துவிட்டுப் பைக்குள் கையை விட்டு ஒரு தாளை எடுத்து நீட்டினாள். பெரிய எழுத்தில் தலைப்பு: 'விசுவாசி பாவம் செய்யாமல் வாழ முடியுமா?'

"வாசிச்சுப் பாருங்கம்மாச்சி. அடுத்த புதன்கிழமை வந்து கேப்பேன். முடியும்னு சொல்றீங்களா, முடியாதுன்னு சொல்றீங்களான்னு யோசிச்சு வைங்க."

எனக்கு முகத்துக்கு நேரே பதில் சொல்லி வராது. எழுபத்தாறு வயதாகியும் வெட்கம் போகவில்லை. கடைக்காரர் பிழையான சாமானைத் தந்தாலும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு வருகிற ஆள் நான். வீட்டில் மூன்று இடியப்ப உரல் இருப்பது அப்படித்தான். அதனால் தலையை மட்டும் ஆட்டி அனுப்பிவிட்டேன்.

அவள் போன பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைக் கிட்டக் கொண்டுவந்தேன். எழுத்துக்கு முன் மணம் வந்தது. கட்டாக் கருவாடு! பிள்ளை சந்தையில் கருவாடு வாங்கிப் பாவத் தாள்களோடு ஒரே பைக்குள் வைத்திருக்கிறாள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு வாசிப்பு ஓடவில்லை. அந்த நாளைய சனிக்கிழமைப் பின்னேரங்கள் வந்துவிட்டன.

சனி பின்னேரம்தான் எங்கள் மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனம், சுவாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறது. நாங்கள் பெண்கள் கடற்கரையில் கருவாடு காயப்போட்டுவிட்டு நேரே கோவிலுக்குப் போவோம். கை கால் கழுவி முக்காடு போட்டால் அழுக்குப் போகும், மணம் போகாது. அப்போது இருந்த சுவாமி யாழ்ப்பாணத்துப் பக்கத்தவர். மெலிந்த ஆள், கோபக்காரர், மனம் நல்லது. பாவசங்கீர்த்தனத் தொட்டி என்கிற மரக் கூண்டுக்குள் ஓடிக்கொலோன் போட்ட கைலேஞ்சியை மூக்கில் பிடித்துக்கொண்டுதான் இருப்பார். சுவாமிக்குக் குரல் தெரிந்துவிடுமே என்று வெட்கப்பட்டு, ஒரு கிழமை நான் கிழவி மாதிரி நடுங்க நடுங்க என் பாவங்களைச் சொன்னேன். உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

"இந்தக் கிழமை திருக்கை காயப்போட்டது உங்கட வீட்டிலை மட்டும்தானே, பிள்ளை? உன்ர குரலிலையே சொல்லு."

அது மட்டுமா? தொட்டியடியில் எவ்வளவு நேரம் முழங்காலில் நிற்கிறோம் என்பதை, பின்னால் வாங்குப் பலகையில் இருக்கிற பெண்கள் செபமாலை மணியில் அளப்பார்கள். மூன்று 'அருள் நிறைந்த' சொல்லும் நேரத்துக்குள் எழும்பினால் நல்ல பிள்ளை. பத்தைத் தாண்டினால் அந்தக் கிழமை முழுவதும் அவளைப் பற்றித்தான் கதை. அந்தக் கதையை அடுத்த சனிக்கிழமை எல்லாரும் வந்து பாவமாகச் சொல்லுவார்கள். இப்படித்தான் எங்கள் ஊரில் பாவசங்கீர்த்தனம் ஓய்வில்லாமல் ஓடியது.

என்னிடம் இருந்தவை மூன்று பாவங்கள்தான், எப்போதும் ஒரே வரிசையில். பொய் சொன்னேன், கோபப்பட்டேன், புறணி கதைத்தேன். முதல் இரண்டும் சில்லறை. மூன்றாவதுதான் முழுநேர வேலை. அதற்குக் கூட்டாளி மதலேனாள் மச்சாள், என் மூத்த அண்ணரின் மனைவி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் பனையோலை வேலி. அதில் ஒரு பொட்டு, குந்தியிருக்கிற பெண்ணின் முகத்துக்குச் சரியான உயரத்தில் ஒரு ஓட்டை. அந்தப் பக்கம் அவ மீன் வெட்டுவா, இந்தப் பக்கம் நான் தேங்காய் திருவுவேன். "எடி, புதினம் கேட்டனியோ?" என்று பொட்டு கேட்கும். ஊரிலே வாய் திறக்காத நான் அந்தப் பொட்டுக்கு முன்னால் மட்டும் வாயை மூடினதில்லை.

மதலேனாள் மச்சாளுக்கு ஊரில் ஒரு பட்டம் இருந்தது: முடி சரிஞ்ச மதலேன். அதைச் சொல்லுவதற்கு எங்கள் ஆவணித் திருநாளைச் சொல்ல வேண்டும்.

ஞாயிறு பின்னேரம் மாதாவின் சுரூபம் ஊர் சுற்றப் புறப்படுவதற்கு முன், கலியாணம் முடிக்காத ஒரு பெண் ஏணியில் ஏறி மாதாவின் தலையில் கிரீடத்தை, எங்கள் பேச்சில் முடியை, வைப்பாள். கோவில் காரியம் பார்க்கிற மூப்பர்தான் பெண்ணைத் தெரிவு செய்வார். அவள் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, ஞாயிறு பின்னேரம் வரைக்கும் ஒரு பாவமும் செய்யாமல் இருக்க வேண்டும். பாவக் கை வைத்தால் முடி சரிந்துவிடும். எந்த ஞானோபதேசத்திலும் இப்படி இல்லை. ஆனால் எங்கள் சனம் ஞானோபதேசத்தைவிட இதைத்தான் கூட நம்பியது.

எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது மதலேனாள் வைத்தா. சுரூபம் பங்குக் கிணற்றைத் தாண்டவில்லை, முடி இடப்பக்கம் சரிந்து, குடிகாரனின் தொப்பி மாதிரித் தொங்கியது. ஊர் முழுக்கத் திரும்பி மதலேனாளைப் பார்த்தது. மற்றக் கிழமையே பேசி வைத்த சம்பந்தம் நின்றுபோனது. 'என்ன செய்தாளோ' என்று ஒரு வருடம் கதைத்தார்கள். பதின்மூன்று வயதில் எனக்கும் அந்தக் கதையில் பங்கு இருந்தது, மறைக்க மாட்டேன். கடைசியில் எங்கள் அண்ணர்தான், "முடி சரிஞ்சதுதானே, ஆள் சரிஞ்சுபோகேல்லையே" என்று சொல்லி அவவைக் கட்டினார்.

நாலு வருடம் கழித்து மூப்பர் என் பெயரைச் சொன்னார். நான் ஒருவரோடும் கதைப்பதில்லை, அதனால் பாவமில்லாதவள் என்று நினைத்திருப்பார். கதைக்காதவள் உள்ளுக்குள் என்னவெல்லாம் கதைப்பாள் என்று அந்த மனிதருக்குத் தெரியாது.

நேரமும் பொல்லாத நேரம். வங்காலை என்ற ஊரில் எனக்குச் சம்பந்தம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் திருநாளுக்கு வருவதாகச் செய்தி. முடி சரிந்தால் கலியாணமும் அதோடு போகும். அதைவிட எனக்குப் பெரிய பயம், ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் என்னைப் பார்க்குமே என்பது.

சனிக்கிழமை நாலு மணிக்குப் பாவசங்கீர்த்தனம் முடித்து வெளியே வந்தேன். பத்து அடி போகவில்லை, ஒழுங்கையை மறித்துக்கொண்டு ஒரு கழுதை நிற்கிறது. தெருவெல்லாம் கழுதை திரிகிற எங்கள் மன்னாரில் அதை ஏசாமல் ஒருவர் ஒரு நாளைக் கழிக்க முடியுமா? 'சனியன்' என்ற சொல் நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "கொஞ்சம் வழி விடுங்கோ" என்று கழுதையைக் கேட்டேன். அது விடவில்லை. சுற்றிக்கொண்டு போனேன்.

வீட்டில் அம்மா சட்டம் போட்டா. "வாயைத் துறக்காதை. ஒருத்தரின்ர சீலையையும் பாக்காதை, காய்மகாரம், பொறாமை வரும். நண்டுக் கறி வைச்சிருக்கு, ரெண்டு கால் மட்டும் தின், மூண்டாவது போசனப்பிரியம்." சும்மா இருந்தால் சோம்பல் பாவம் என்று உலக்கையை எடுத்தேன். உலக்கை காலில் விழுந்தது. கோபம் வரப் பார்த்தது. உலக்கையை வைத்துவிட்டுச் செபமாலையை எடுத்தேன். அதில் நாலாவது மணியிலேயே, 'பார், நான் எவ்வளவு பக்தியாக இருக்கிறேன்' என்று ஒரு நினைவு. அகங்காரம்! செபமாலையையும் வைத்துவிட்டேன்.

பொட்டு கூப்பிட்டது. "எடி, உயிரோடை இருக்கிறியோ?"

"மச்சாள், எனக்குப் புதினம் ஒண்டும் சொல்லாதேங்கோ."

"உன்ர மாப்பிள்ளையைப் பற்றின புதினமெண்டாலுமோ?"

இரண்டு காதையும் விரலால் அடைத்தேன். அவ்வளவு இறுக்கி அடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"ஐயோ பிள்ளை, முகத்தைப் பார்! நாளைக்குப் பின்னேரம் வரைக்கும் நானும் வாய் துறக்கமாட்டன். நீ தவம் இருக்கிறதிலை உண்மையாப் பட்டினி கிடக்கிறது நான்தான்" என்று சிரித்துக்கொண்டே, ஒரு பழைய சாக்கை எடுத்து அந்தப் பக்கத்திலிருந்து பொட்டுக்குள் அடைத்தா.

அன்று நான் நண்டுக் காலில் மூன்றாவதைத் தொடவில்லை. நித்திரையில் பாவம் செய்ய முடியாது என்று வெள்ளெனப் படுத்துவிட்டேன்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், முற்றத்தில் மாப்பிள்ளையின் தாய் கதிரையில் இருக்கிறா. பெரிய ஆள். பெட்டிக்குள்ளிருந்து எடுத்த சீலையில் பூச்சி உருண்டை மணம். அம்மா தேத்தண்ணி வைக்க உள்ளே ஓடிவிட்டா. நான் தனியே அகப்பட்டேன்.

"சமைப்பியோ, பிள்ளை?"

நான் வைக்கிற மீன்கறி மூன்று தரத்துக்கு ஒரு தரம் அடிப்பிடிக்கும். ஓம் என்றால் பொய். இல்லை என்றால் கலியாணம் போச்சு. நிலத்தைப் பார்த்தேன்.

"காலமை எத்தினை மணிக்கு எழும்புவாய்?"

நிலத்தையே பார்த்தேன்.

"பெயரைச் சொல்லன், பார்ப்பம்." பெயரைச் சொல்லலாம், அதில் பாவம் இல்லை. ஆனால் இவ்வளவு நேரமும் வாய் திறக்காமல் இருந்துவிட்டு இப்போது எப்படித் திறக்கிறது என்ற வெட்கத்தில் கால்விரலால் மண்ணைக் கீறினேன்.

அந்த மனுசி என்னை மேலும் கீழும் பார்த்தா. "பிள்ளை ஊமையோ? இதை எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

பொட்டிலிருந்த சாக்கு மறைந்தது. மறு நிமிடம் மதலேனாள் மச்சாள் கை கழுவின ஈரத்தோடு கேற்றால் வந்து நின்றா.

"ஊமையோ! நல்ல கதை, மாமி. நவநாள் ஒன்பது நாளும் பாட்டு எடுத்துக் குடுத்தது இவள்தானே, தொண்டை கட்டிப்போச்சு." நான் என் வாழ்நாளில் ஒரு பாட்டும் எடுத்துக் கொடுத்ததில்லை. "சமையலோ? இவள் மீன் காய்ச்சினால் அறைவீட்டிலை இருந்து சுவாமி எட்டிப் பாப்பார்."

"விடிய எழும்புவாளோ?"

"இவள் எழும்பி முத்தம் கூட்டுற சத்தத்திலைதான், மாமி, எங்கட சேவல் எழும்பிக் கூவுறது."

"ஊர்ப் புறணி?"

"அப்பிடியெண்டால் என்னெண்டு கேப்பாள்."

அந்த மனுசியின் முகம் மலர்ந்துவிட்டது. தேத்தண்ணியைக் குடித்து, என் தலையைத் தடவிவிட்டுக் கோவிலடிக்குப் போனா. மதலேனாள் மச்சாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னா, "நாலு பொய். எனக்குத்தான் ஏற்கெனவே சரிஞ்சுபோச்சே, இன்னும் நாலெண்டால் என்ன? நீ சுத்தமா இரு."

நான் சுத்தமாக இல்லை. சேவல் கதையைச் சொன்னபோது அந்த மனுசி என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் தலையாட்டிவிட்டேன். வாய்தான் மூடியிருந்தது, தலையை ஒருவரும் கட்டி வைக்கவில்லையே. முதல்நாள் பின்னேரத்திலிருந்து, ஒரு கழுதைக்குக்கூட மரியாதை கொடுத்துக் காத்து வைத்ததை ஒரு சேவலுக்குக் கொடுத்துவிட்டேன்.

மூன்று மணிக்குக் கோவிலுக்குப் போனேன். வெளியூர்ச் சனத்துக்காகச் சின்னச் சுவாமி ஒருவர் தொட்டியில் இருந்தார். நீள வரிசை. அதில் மூன்றாவதாக, பூச்சி உருண்டை மணத்தோடு, மாப்பிள்ளையின் தாய்! நேற்றுப் பாவசங்கீர்த்தனம் செய்த முடிப்பெண் இன்று மறுபடி வரிசையில் நின்றால் ஊர் என்ன நினைக்கும்? நிற்காமல் போய் முடியை வைத்தால் அது சரியும். திரும்பி, சுவாமி தங்குகிற அறைவீட்டின் பின்பக்கத்துக்கு ஓடினேன்.

எங்கள் சுவாமி பின் விறாந்தையில் நின்று பந்தல்காரனை ஏசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவனை அனுப்பிவிட்டு, "என்ன பிள்ளை, திருநாள் சீலை உடுத்தாமல் இஞ்ச நிக்கிறாய்?" என்றார்.

"சுவாமி, நான் தலையாட்டிப்போட்டன்" என்று அழுதேன். பிறகு கழுதையிலிருந்து சேவல் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். கோபக்காரச் சுவாமி லேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியதில்தான் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

"காலமைப் பூசை முடிஞ்சு இந்த நேரத்துக்குள்ளை நான் எத்தினை பேரை ஏசினனான் தெரியுமோ? பந்தல்காரனை, பாட்டுக்காரரை, மூப்பரை ரெண்டு தரம். அப்ப நான் சுரூபத்துக்கு முன்னாலை நடக்கிறேல்லையோ? முழங்காலிலை நில்." அங்கேயே பாவமன்னிப்புக் கொடுத்து, ஒரு பரமண்டல மந்திரம் அபராதம் தந்தார்.

"முடி சரிஞ்சால், சுவாமி?"

"அது வேற விசயம்." சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு மெழுகுதிரித் துண்டை எடுத்தார். "மரச் சுரூபம்தானே, தலையிலை இடப்பக்கத்தைச் செல்லுப் பூச்சி அரிச்சுப்போச்சு. சோளகக் காத்து அடிச்சால் ஆர் வைச்சாலும் சரியும். நான் இந்த ஊருக்கு வந்து மூண்டு வருசமும் நானே முன்னமே மெழுகு வைச்சுப்போட்டுத்தான் ஆளை ஏணியிலை ஏறவிட்டனான். இந்த முறை நீயே வை. கையுக்குள்ளை உருட்டிக்கொண்டு வா, இளகும். இடப்பக்கம் வைச்சு நல்லா அழுத்து."

எனக்கு மதலேனாள் மச்சாளின் முகம் வந்தது. அவ முடி வைத்தது இந்தச் சுவாமி வருவதற்கு முந்தின வருடம். "இதை ஊருக்குச் சொல்லேல்லையோ, சுவாமி?"

"பிரசங்கத்திலையே சொன்னனான். ஒருத்தரின்ர காதிலையும் ஏறேல்லை. செல் அரிச்ச கதையை விட இந்தச் சனத்துக்குப் பாவக் கதைதான் ருசி."

பின்னேரம் ஏணியில் ஏறினேன். சோளகம் மண்ணை வாரி அடித்தது. கீழே ஊர் முழுவதும் நிமிர்ந்து பார்க்கிறது. என் கைக்குள் மெழுகு, வேர்வையில் நன்றாக இளகிவிட்டது. பாட்டுக்கு நடுவில் சுவாமி உதட்டை அசைக்காமல், "அழுத்து பிள்ளை, அழுத்து" என்கிறார். அழுத்தினேன். சுரூபம் கிணற்றைத் தாண்டியது, சந்தியைத் தாண்டியது, முடி கொடிக்கம்பம் மாதிரி நேரே நின்றது. பெண்கள் என் கையைப் பிடித்துக் கொஞ்சினார்கள். மாப்பிள்ளையின் தாய் அழுதா. கிணற்றடியில், தன் முடி சரிந்த அதே இடத்தில், மதலேனாள் மச்சாள் நின்று எனக்காகச் சந்தோசத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தா.

அந்த இடத்தில் நான் செல் அரித்த கதையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. வெட்கம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். முழுக்க வெட்கம் இல்லை. ஊர் என்னைப் புனிதை மாதிரிப் பார்த்தது, அது நன்றாக இருந்தது. அன்று முழுவதும் நான் தேடித் தேடித் தவிர்த்த பாவங்கள் எல்லாம் தூசி. செய்த பாவம் இதுதான்.

மறுநாள் காலை நானே பொட்டில் வாயை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் மீன் வெட்டுகிற சத்தம் நின்றது. அழுகிறா என்று நினைத்தேன். பிறகு கத்தி நிலத்தில் விழுந்தது. அவ சிரித்த சிரிப்பில் வேலி ஆடியது.

"செல்லோ! எடி, நான் என்ன பாவம் செய்தனோ எண்டு நாலு வருசமா யோசிச்சு, ஒண்டும் அகப்படாமல், செய்யாததையும் சேத்தெல்லோ பாவசங்கீர்த்தனம் பண்ணினனான்!"

"ஊருக்குச் சொல்லட்டோ, மச்சாள்?"

"விசரோ உனக்கு? உன்ர மாமி கலியாணத்தை நிப்பாட்டிப்போடுவா. தாலி ஏறட்டும், பிறகு சொல்லு."

தாலி ஏறியது. அவர் எங்கள் ஊருக்கே வந்துவிட்டார். மூத்தவன் பிறக்கட்டும் என்றேன். பிறகு நாட்டில் சண்டை வந்தது, வள்ளத்தில் ராமேஸ்வரம் போனோம், முகாமில் இருந்தோம், திரும்பி வந்து அதே இடத்தில் அதே வேலியைக் கட்டினோம். மதலேனாள் மச்சாள் தன் கையாலேயே அந்தப் பொட்டை மறுபடி வைத்தா. ஆவணி வந்தால் அதற்குள்ளால் கேட்பா, "எடி புனிதை, எப்ப சொல்லப்போறாய்?" "அடுத்த வருசம், மச்சாள்" என்பேன். ஐம்பது வருடத்துக்கு மேல் அது எங்கள் இரண்டு பேரின் பகிடியாகவே இருந்தது.

போன வருடம் தபசு காலத்துக்கு முன் மச்சாள் போய்விட்டா. செத்த வீட்டில், என் வயதுக்காரி ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நல்ல சீவன், முடி சரிஞ்ச மதலேன்" என்றாள். நான் பக்கத்தில் நின்றேன். அப்போதும் வாய் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். சரிந்தது செல் அரித்த மரம். மதலேனாள் ஒன்றும் செய்யவில்லை. வாசிக்கிற நீங்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், புறணியாகச் சொன்னாலும் பரவாயில்லை.

அந்த மரச் சுரூபம் சண்டையில் எரிந்துவிட்டது. இப்போது இருப்பதற்கு முடியைத் தலையோடு சேர்த்தே வார்த்திருக்கிறார்கள், ஒருவரும் ஏணியில் ஏறத் தேவையில்லை. தொட்டியும் இல்லை. இரண்டு பிளாஸ்டிக் கதிரையை எதிரெதிரே போட்டு இளம் சுவாமி இருக்கிறார். லேஞ்சி இல்லை, எங்கள் கையிலும் மணம் இல்லை. போன மாதம் அவருக்கு முன்னால் போய் இருந்தேன். என் மூன்று பாவங்களில் ஒன்றுகூட அகப்படவில்லை. பொய் சொல்ல, கோபப்பட வீட்டில் ஆள் இல்லை. மூன்றாவதான புறணிக்கும் வழியில்லை. மச்சாளின் பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டைப் பூட்டி, வேலியைப் பிடுங்கிவிட்டுப் பொட்டில்லாத மதில் கட்டுவித்திருக்கிறார்கள். "வேறை, அம்மா?" என்று இளம் சுவாமி கேட்டார். "ஒண்டும் இல்லை, சுவாமி" என்றேன். பெரிய பக்திமான் என்று நினைத்திருப்பார்.

இன்று புதன்கிழமை. பத்து மணிக்கு அந்தப் பிள்ளை வந்தாள். தேத்தண்ணி கொடுத்தேன்.

"யோசிச்சீங்களா, அம்மாச்சி? பாவம் செய்யாம வாழ முடியுங்களா?"

"ஓம் பிள்ளை, முடியும்" என்றேன். "போன வருசத்திலை இருந்து நான் அப்பிடித்தான் இருக்கிறன்."

பிள்ளையின் முகம் பூத்துவிட்டது. எத்தனை வீடு ஏறி இறங்கியிருப்பாள், இப்படி ஒரு பதில் கிடைத்திருக்காது. கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தாள். "எப்படிங்கம்மாச்சி?"

நான் கையை நீட்டி முற்றத்தின் கரையைக் காட்டினேன். அவள் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனாள். மேலே பார்த்தாள், கீழே குனிந்து பார்த்தாள், ஒரு முனையிலிருந்து மற்ற முனை வரைக்கும் நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"வெறும் மதிலுதாங்க இருக்கு, அம்மாச்சி."

"ஓம், பிள்ளை" என்றேன்.